ஆறுதலாகப் போகவும் சொல்லிக் கொடுங்கள், மாஸ்டர்

லண்டனிலும் அதைச் சுற்றியும் எங்கள் சனத்துக்குக் கார் பழக்கும் தமிழ் மாஸ்டர்மார் எல்லாருக்கும்,

வணக்கம். நானும் உங்களில் ஒருவரிடம் பழகி லைசென்ஸ் எடுத்தவன்தான். பெயர் வேண்டாம். நல்ல மனிதர், இரண்டு தரம் ஃபெயில் விட்ட என்னை மூன்றாம் தரம் பாஸ் பண்ண வைத்தவர். கிளச்சை எப்படி விடுவது, ரவுண்டபௌட்டில் எந்த லேனில் நிற்பது, கண்ணாடியைப் பார்க்கிறோம் என்று பக்கத்தில் இருக்கும் சோதனை அதிகாரிக்குத் தெரியும்படி தலையை எப்படித் திருப்புவது என்று எல்லாம் சொல்லித் தந்தார். குதிரையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரைக் குறை சொல்லவும் ஏலாது. நாங்கள் ஓடித் திரிந்தது லண்டனுக்குள் டூட்டிங்கிலும் மிட்சாமிலும், அங்கே குதிரைக்கு எங்கே போவது?

ஆனால் லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு யாரும் டூட்டிங்கையே சுற்றிக்கொண்டிருப்பதில்லையே. கொஞ்சம் வெயில் எறித்தால் போதும், ரோல்ஸும் தேத்தண்ணிப் போத்தலும் கட்டிக்கொண்டு பொக்ஸ் ஹில், பிரைட்டன், கென்டில் செர்ரி பிடுங்க என்று குடும்பமாக வெளிக்கிடுகிறோம், பெரிய ரோட்டில் நெரிசல் என்று சட்நாவ் சொல்லி எங்கேயோ ஒரு ஒழுங்கைக்குள் இறக்கிவிடுகிறது, இரண்டு பக்கமும் ஆளுயர வேலி, ஒரு வளைவு, அடுத்த வளைவு, அங்கே நிற்கிறது குதிரை. டெலிவரி ஓடுகிற தம்பிமாருக்கு இது கிழமைக்கு ஐந்து நாளும்.

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை பின்நேரம் நடந்ததைச் சொல்லிவிட்டுத் தொடர்கிறேன். என் மகளுக்குப் பதின்மூன்று வயது, சறேயில் ஒரு லாயத்தில் குதிரையேற்றம் பழகுகிறாள். (எப்படி இதற்குள் போய் விழுந்தோம் என்பது தனிக் கதை. பள்ளிக்கூடச் சிநேகிதி ஒருத்தியின் பிறந்தநாளில் தொடங்கியது, இப்போது சனிக்கிழமைகளில் நான் குதிரை லத்தி அள்ளுவதில் வந்து நிற்கிறது.) லாயத்திலிருந்து குதிரைப் பாதைக்குப் போக நானூறு மீற்றர் அளவில் ரோட்டால் போயாக வேண்டும். மகள் பிஸ்கட் என்கிற சின்னக் குதிரையில் உள்பக்கம், பழக்குகிற பெண் பெரிய குதிரையில் வெளிப்பக்கம், நான் பின்னால் நடந்து. மூன்று பேரும் மஞ்சள் மேலங்கி. பின்னால் ஒரு வெள்ளை வான் வந்தது. பழக்குகிறவர் கையை நீட்டி மேலும் கீழும் அசைத்தார், மெதுவாக வா என்று அர்த்தம். வான் கொஞ்சமும் குறையவில்லை. எங்களை உரசாத குறையாகக் கடந்தபோது அதன் சில்லு ஒரு தண்ணீர்ப் பள்ளத்தில் விழுந்து சேறு முழுதும் பிஸ்கட்டின் வயிற்றில் அடித்தது. பிஸ்கட் ஒரே பாய்ச்சலில் வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது, மகள் வேலிக்குள் போய் விழுந்தாள். மணிக்கட்டில் வீக்கம், இரண்டு கிழமையில் மாறிவிட்டது. குதிரைக்கு முழங்காலில் உரசல், அதுவும் ஆறிவிட்டது.

வான் வளைவில் மறைந்தது. ஆனால் கடந்துபோன அந்த இரண்டு செக்கனில் அதற்குள்ளிருந்து கேட்டது ஒரு தமிழ்ப் பாட்டு. எனக்கும் பிடித்த பாட்டுத்தான்.

கோபம் வரவில்லை என்றால் பொய். ஆனால் வீட்டுக்கு வந்து ஆறுதலாக யோசித்தபோது அந்த வானை ஓட்டிய ஆளை எனக்கு நன்றாகவே தெரியும் என்று பட்டது. 2013 கோடையில் அந்த ஆள் நான்தான்.

அப்போது கனடாவில் இருந்து மச்சான் குடும்பம் வந்திருந்தது, எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ஊர் காட்டப் போனேன். டோர்க்கிங் பக்கம் ஒரு ஒழுங்கை. முன்னால் பழுப்புக் குதிரை ஒன்றும் அதன்மேல் வயதான வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவரும். நான் ஹோர்னை அமத்தவில்லை, தொட்டேன், ஒரு சின்னப் 'பீப்', அவ்வளவுதான், நான் வருகிறேன் என்று மரியாதையாக அறிவிக்கிற மாதிரி. குதிரை நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்றுச் சுற்றி என் பொனெட்டுக்கு நேரே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. கண் வெள்ளை தெரிந்தது. அந்த அம்மா எப்படியோ விழாமல் இருந்து, இறங்கி, அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு என் யன்னலுக்கு வந்தார். ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன். ஏசவில்லை. ஏன் ஹோர்ன் அடித்தாய் என்று கேட்டார். நான் வருகிறேன் என்று தெரியத்தான் என்றேன். நீ வருவது அவனுக்கு அந்த வளைவுக்கு அப்பாலேயே தெரியும், காது முழுக்க உன்னில்தான் இருந்தது, நீ வந்து என்ன செய்யப் போகிறாய் என்பதுதான் அவனுக்குத் தெரியாது என்றார்.

அன்றைக்கு அது எனக்கு முழுக்க விளங்கவில்லை. மச்சான் வேறு 'பணக்காரர் விளையாட்டு, ரோட்டை அவைக்கு எழுதிக் குடுத்திருக்கு' என்று சிரித்தார், நானும் சேர்ந்து சிரித்தேன்.

மாஸ்டர், ஹோர்னில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கள் ஊரில் ஹோர்ன் ஒரு பாஷை. ஒழுங்கை முடக்கில் ஒரு தரம், முன்னால் போகும் சைக்கிளுக்கு ஒரு தரம், கடையில் நிற்கும் தெரிந்தவருக்கு ஒரு தரம், ரோட்டு நடுவில் படுத்திருக்கும் மாட்டுக்கு நாலு தரம். மாடும் அதைப் பழகி வைத்திருக்கிறது, அடித்தாலும் தன் பாட்டில் எழும்பி, வாலை ஒரு வீசு வீசி, மனம் வந்தால்தான் அரக்கும். அதைப் பார்த்து வளர்ந்த கை எங்கள் கை. இங்கே வந்து நகரத்துக்குள் அதை அடக்கப் பழகிவிட்டோம், ஆனால் ஆளில்லாத ஒழுங்கையில் ஒரு மிருகத்தைக் கண்டதும் அந்தப் பழைய கை தானாக எழும்புகிறது. குதிரையும் ஒரு பெரிய மாடு என்று கை நினைக்கிறது.

குதிரை மாடு இல்லை. மாட்டுக்குக் கொம்பாவது இருக்கிறது. குதிரைக்கு ஓட்டம் ஒன்றுதான், முதலில் ஓடு, பயம் சரியா பிழையா என்று பிறகு பார்ப்போம் என்பதுதான் அதன் உடம்பில் எழுதியிருக்கிற சட்டம். ஹோர்ன் சத்தமும், எஞ்சினை உறுமவிடுவதும், லொறி பிரேக்கில் காற்று சீறுவதும் அதற்கு ஏதோ ஒன்று பாயப்போகிறது என்பதற்கான அடையாளம். ஒரு பொலித்தீன் பை வேலியில் படபடத்தாலே மிரளுகிற பிராணி, அரைத் தொன் எடை. அதன் முதுகில் சில நேரம் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை.

எங்களுக்குக் குதிரை தெரியாது, அதுதான் உண்மை. எனக்குத் தெரிந்த முதல் குதிரை மரக்குதிரை, வேட்டைத் திருவிழாவில் சாமி ஏறி வருகிற குதிரை வாகனம். அது இளந்தாரிமாரின் தோளில் துள்ளும், பட்டாசுக்குப் பயப்படாது. உயிர்க் குதிரை என்றால் நெடுந்தீவில்தான், கட்டாக்காலியாக வெட்டையில் மேய்வதை ஒரு சுற்றுலாவில் எட்டத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மற்றப்படி குதிரை எங்கள் பேச்சில்தான் இருக்கிறது, கடிவாளம் கட்டின குதிரை மாதிரி நேரே மட்டும் பார்க்கிறான் என்கிறோம். அது வண்டிக் குதிரைக்குக் கண்ணை மறைத்துப் பட்டி கட்டுவதால் வந்த பேச்சு. பட்டி இல்லாத குதிரைக்குக் கண் தலையின் இரண்டு பக்கத்திலும் இருப்பதால் ஏறக்குறைய 350 பாகைக்கு உலகம் தெரிகிறது. நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சம், இந்த இரண்டு இடமும்தான் அதற்குத் தெரியாது. நாங்கள் பொறுமை இழந்து வாலோடு ஒட்டி ஓடிக்கொண்டு வருகிறோமே, அது அந்தத் தெரியாத இடத்துக்குள்தான். சத்தம் கேட்கிறது, ஆளைக் காணவில்லை. கொஞ்சம் எட்டத்தில் நின்றால் அது தலையை ஒரு சின்னத் திருப்புத் திருப்பி உங்களைப் பார்த்துக்கொள்ளும். காதைக் கவனியுங்கள், ஒரு காது முன்னுக்கும் ஒரு காது உங்கள் பக்கமும் தளர்வாக இருந்தால் பெரிய பிரச்சினை இல்லை. தலையைத் தூக்கி, உடம்பை இறுக்கி, பக்கவாட்டில் கால் மாற்றத் தொடங்கினால் அந்தக் குதிரை ஏற்கெனவே பயந்துவிட்டது, நிற்பாட்டிவிடுங்கள்.

இனி ஹைவே கோட், இந்த நாட்டு ரோட்டு விதிப் புத்தகம். 2022 ஜனவரி 29 முதல் புதிய பதிப்பு நடைமுறைக்கு வந்தது உங்களுக்குத் தெரியும், அது உங்கள் தொழில். ஆனால் அதற்கு முதல் லைசென்ஸ் எடுத்த எங்களில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம்? கூடச் சேதம் விளைவிக்கக்கூடிய வாகனத்தை ஓட்டுபவருக்கே கூடப் பொறுப்பு என்று ஒரு படிநிலை அதில் வந்தது. நடப்பவர், சைக்கிள்காரர், குதிரைக்காரர் மூவரையும் ஆபத்து அதிகமுள்ளவர்களாக வைத்திருக்கிறது. முன்பு குதிரையை அகலமாக விட்டு மெதுவாகக் கடக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லியிருந்த இடத்தில் இப்போது கணக்கு இருக்கிறது: அதிகம் போனால் மணிக்கு 10 மைல், குறைந்தது 2 மீற்றர் இடைவெளி, கடந்த பிறகும் மெதுவாகவே விலகிப் போவது. விதி 215. மெதுவாக என்றால் என்ன என்று எங்கள் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், முப்பது என்பார்கள். அறுபதில் வந்தவனுக்கு முப்பது ஆமை வேகமாகத்தான் தெரியும். பத்து என்று இலக்கமாகச் சொன்னால்தான் ஏறும்.

அந்த 2 மீற்றர் ஏன் என்பதை இலக்கத்தோடு சேர்த்தே சொல்லிக் கொடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் பாடமாக்கி மறக்கிற ஒன்றாகிவிடும். குதிரை இடதுகரையால் போகிறது. இடது பக்கம் ஒரு வீட்டு வாசலில் குப்பைத் தொட்டி, அல்லது வேலிக்குள்ளிருந்து ஒரு புறா அடித்துப் பறக்கிறது. குதிரை அதிலிருந்து விலகிப் பாய்வது எந்தப் பக்கம்? வலது பக்கம், உங்கள் காருக்கு நேரே. அது கண்ணிமைக்கும் நேரத்தில் ரோட்டு நடுவரைக்கும் வந்துவிடும், மேலே இருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த முதல் பாய்ச்சலை அவர் தடுக்க முடியாது. அந்த இடத்துக்குத்தான் இரண்டு மீற்றர்.

சரி, ஒழுங்கையே மூன்று மீற்றர் அகலம்தான், கார் ஒரு மீற்றர் எண்பது, இரண்டு மீற்றருக்கு நான் எங்கே போக? நியாயமான கேள்வி, என் தம்பி முறையான ஒருவன் இதையே கேட்டான். பதில் மிகச் சாதாரணம், கடக்காதே. பின்னால் எட்டத்தில் நில். குதிரைக்காரருக்கும் உன்னை அனுப்பிவிட வேண்டும் என்றுதான் இருக்கும், அவர் ஒரு வயல் படலையையோ ரோட்டு அகலமான இடத்தையோ தேடிக்கொண்டுதான் போகிறார், கிடைத்ததும் ஒதுங்கிக் கையைக் காட்டுவார். குதிரை நடக்கிற வேகம் மணிக்கு நாலு மைல் அளவில். முந்நூறு மீற்றர் அதன் பின்னால் ஊர்ந்தாலும் மூன்று நிமிடம் ஆகாது. மூன்று நிமிடம், மாஸ்டர். எங்கள் கலியாண வீடுகளுக்கு நாங்கள் எத்தனை மணித்தியாலம் பிந்திப் போகிறவர்கள் என்று உங்களுக்குத் தெரியாதா.

வெள்ளை வட்டத்தில் கறுப்புக் கோடு போட்ட அந்தப் பலகையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதைக் கண்டால் 'இனி அடிக்கலாம்' என்றுதான் நான் பல வருடம் விளங்கி வைத்திருந்தேன். இருவழி ஒற்றை ரோட்டில் காருக்கு மேல் எல்லை 60 என்பதுதான் அதன் பொருள், 60இல் போ என்பதல்ல. அதுவும் டெலிவரி வான்களில் பெரும்பாலானவற்றுக்கு அங்கே 50தான், வான் ஓட்டுகிற தம்பிமாரில் பாதிப் பேருக்கு அது தெரியாது என்று பந்தயம் கட்டுவேன். 60இல் வருகிற கார் முழுதாக நிற்க 73 மீற்றர் வேண்டும் என்று ஹைவே கோட்டே சொல்கிறது. அந்த ஒழுங்கைகளில் வளைவுக்கு வளைவு முப்பது மீற்றருக்கு மேல் பார்வை போகாது.

அடுத்தது, இரண்டு குதிரை பக்கம் பக்கமாகப் போவது. இதைக் கண்டால்தான் எங்கள் ஆட்களுக்குச் சரியான எரிச்சல், ரோட்டை மறித்துக்கொண்டு கதைத்துக்கொண்டு போகிறார்கள் என்று. பழகாத குதிரையோ பழகாத பிள்ளையோ உள்பக்கம், அனுபவமுள்ளது வெளிப்பக்கம், ஒரு தாய் பிள்ளையை ரோட்டின் உட்கரையில் வைத்துக் கையைப் பிடித்துக் கூட்டிப் போவதைப் போல. விதி அதற்கு இடம் கொடுக்கிறது. நெருக்கமான இடத்திலும் வளைவிலும் ஒற்றையாகப் போக வேண்டும் என்று அவர்களுக்கும் விதி இருக்கிறது. போன நவம்பரில் என் மகள் உள்பக்கம் இருந்ததால்தான் வேலிக்குள் விழுந்தாள், வெளியே இருந்திருந்தால் எங்கே விழுந்திருப்பாள் என்று நான் யோசிப்பதில்லை.

ஒன்று பலருக்குத் தெரியாது, நடுவில் இரட்டை வெள்ளைக் கோடு இருந்தாலும், 10 மைலுக்கு மேற்படாமல் போகிற குதிரையைக் கடப்பதற்கு, முன்னால் ரோடு வெறுமையாக இருந்தால், அந்தக் கோட்டைத் தாண்டலாம். கோட்டைத் தாண்டினால் லைசென்ஸில் தண்டனைப் பொயின்ட் விழும் என்ற பயத்தில் குதிரையை உரசிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். உரசினால்தான் பொயின்ட். கவனமில்லாமல் ஓட்டியதற்கு 100 பவுண்டும் மூன்று பொயின்டும் கையோடு தரலாம், நீதிமன்றம் போனால் இன்னும் கூட. உங்கள் மாணவர்களுக்கு லைசென்ஸ் எடுத்த முதல் இரண்டு வருடத்தில் ஆறு பொயின்ட் சேர்ந்தால் லைசென்ஸே போய்விடும் என்பதை நீங்கள் எப்படியும் சொல்லித்தான் இருப்பீர்கள். இன்னொன்று, விபத்தில் ஒரு குதிரை அடிபட்டால் நிற்பாட்ட வேண்டும் என்பது சட்டம். நாய், ஆடு, மாடு, கழுதை, பன்றி எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பூனை இல்லை, ஏனென்று யாராவது ஒரு வழக்கறிஞர் எனக்குச் சொல்ல வேண்டும்.

வலப்பக்கம் திரும்பப் போகிற குதிரைக்காரர் இடதுகரையிலேயே நிற்பார், ரவுண்டபௌட்டிலும் அப்படித்தான் சுற்றிப் போவார். கார் மாதிரி நடுவுக்கு வருவார் என்று எதிர்பார்த்து இடப்பக்கத்தால் புகுந்து போகாதீர்கள். நன்றி சொல்லக் கையைத் தூக்காவிட்டாலும் கோபிக்காதீர்கள், இரண்டு கையும் கடிவாள வாரைப் பிடித்திருக்க வேண்டிய நேரம் அது, தலையை ஒரு ஆட்டு ஆட்டியிருப்பார், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

மின்சாரக் கார் இப்போது எங்கள் ஆட்களிடம் நிறைய, ஊபர் ஓடுகிறவர்கள் பலர் அதற்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். அது அவ்வளவாகச் சத்தம் போடாது, நல்லதுதானே என்று நானும் நினைத்தேன். லாயத்தில் கேட்டால் மறுவளமாகச் சொல்கிறார்கள். சத்தமில்லாமல் வந்து திடீரென்று பக்கத்தில் முளைக்கிற ஒன்றுதான் குதிரைக்கு ஆகப் பெரிய பயம், புலி அப்படித்தானே வரும். அதற்காக ஹோர்ன் அடிக்கத் தேவையில்லை, எட்டத்திலேயே வேகத்தைக் குறைத்துக் காத்திருங்கள், மேலே இருப்பவர் திரும்பிப் பார்த்துவிட்டால் பிறகு பயமில்லை. பாட்டுச் சத்தத்தையும் கொஞ்சம் குறையுங்கள். பின்சீட்டில் பிள்ளைகள் யன்னலைத் திறந்து 'குதிரை! குதிரை!' என்று கத்தப் போகிறார்கள், அதையும் முதலே சொல்லி வையுங்கள்.

இவர்கள் ஏன் ரோட்டுக்கு வருகிறார்கள், காட்டுக்குள் ஓடினால் என்ன என்று கேட்பீர்கள். ஓடத்தான் ஆசை. தார் ரோட்டில் லாடம் வழுக்கும், யாருக்கும் அது பிடிக்காது. ஆனால் இங்கிலாந்தின் பொதுப் பாதைகளில் ஐந்தில் ஒரு பங்கு அளவில்தான் குதிரை போகலாம், நீல அம்பு போட்டிருக்கும் பாதைகள், மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு மட்டும். அந்த நீலப் பாதைகளும் தொடர்ச்சியாக இல்லை, ஒன்று ரோட்டில் வந்து முடியும், அடுத்தது அரை மைல் தள்ளித் தொடங்கும். நடைபாதையில் குதிரையை ஏற்றவும் கூடாது. மிச்சம் இருப்பது ரோடுதான்.

பணக்காரர் விளையாட்டு என்று மச்சானோடு சேர்ந்து சிரித்தவன் என்ற முறையில் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் லாயத்தில் சொந்தக் குதிரை வைத்திருப்பவர்களில் ஒருத்தி சுப்பர்மார்க்கெட்டில் இரவு வேலை செய்கிறாள், இன்னொருவர் ஓய்வுபெற்ற நேர்ஸ், சம்பளத்தில் பாதி வைக்கோலுக்குப் போகிறது என்று இருவரும் அழுவார்கள். சரி, பணக்காரராகவே இருக்கட்டும், அதற்காக?

குதிரைக்காரர் எல்லாம் புனிதர் என்று சொல்ல வரவில்லை. பொழுதுபட்ட நேரத்தில் கறுப்பு உடுப்போடு வெளிச்சமில்லாமல் வருகிறவர்களை நானே கண்டிருக்கிறேன், ஒரு கையில் போனோடு போனவரையும் கண்டிருக்கிறேன். லாயத்தில் அதற்கு ஏச்சு விழும். ஆனால் பிழை செய்தவர் அவராக இருந்தாலும் விழப்போகிறவரும் அவர்தான், குதிரையும்தான். குதிரைகளுக்கான அமைப்பான பிரிட்டிஷ் ஹோர்ஸ் சொசைட்டிக்கு 2022இலும் 2023இலும் ஒவ்வொரு வருடமும் ரோட்டுச் சம்பவங்கள் 3,000க்கு மேல் பதிவாகியிருக்கின்றன, ஒவ்வொரு வருடமும் அறுபதுக்கு மேல் குதிரைகள் செத்திருக்கின்றன. அதிகமானவை மிக நெருக்கமாகவோ மிக வேகமாகவோ கடந்ததால் வந்தவை. எங்கள் பிஸ்கட்டின் கதையையும் நாங்கள் பதிவு செய்தோம், வானின் இலக்கத்தைப் பிடிக்க முடியவில்லை.

ஏன் உங்களுக்கு எழுதுகிறேன், கவுன்சிலுக்கு எழுதலாமே என்றால், கவுன்சில் ஒரு பலகை நடும், அதை எங்கள் ஆட்கள் வாசிக்க மாட்டார்கள். நீங்கள் சொன்னதை நாங்கள் சாகும்வரை செய்வோம். இன்றைக்கும் நான் காரில் ஏறினால் சீட், கண்ணாடி, பெல்ட் என்று என் மாஸ்டர் சொன்ன ஒழுங்கில்தான் கை போகிறது. 2014 ஏப்ரல் வரை தியரி டெஸ்டைத் தமிழில் காதால் கேட்டுக்கொண்டே செய்யலாம், என் வயதுக்காரர் பலர் அப்படித்தான் பாஸ் பண்ணினோம். ஐம்பது கேள்வியில் நாற்பத்து மூன்று சரி வந்தால் போதும், குதிரைக் கேள்வி வந்தால் 'மெதுவாக, அகலமாக' என்பது விடை, அவ்வளவுதான், குதிரை எப்படி இருக்கும் என்று யாருக்குக் கவலை. அதன் பிறகு வந்த பிள்ளைகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் செய்கிறார்கள். புதிதாக ஊரில் இருந்து வந்தவர்களுக்கு அந்த ஆங்கிலத்தை விளக்கித் தமிழில் சொல்லித் தருவது இப்போது நீங்கள் மட்டும்தான்.

அதனால் கேட்பது இதுதான். இருபது முப்பது பாடம் எடுக்கிற பிள்ளைக்கு ஒரு பாடம், ஒரே ஒரு பாடம், வெளியே கூட்டிப் போங்கள். சட்டனில் இருந்து எப்சம் பக்கம் எவ்வளவு தூரம், பந்தயக் குதிரைகள் காலையில் அங்கே பயிற்சிக்குப் போகும். இல்ஃபர்டில் பழக்குகிறவர்களுக்கு எப்பிங் காடு பக்கத்திலேயே. விம்பிள்டனிலும் ரிச்மண்ட் பார்க்கிலும் குதிரையைக் காண லண்டனை விட்டு வெளிக்கிடவே தேவையில்லை. ஹைட் பார்க் கோர்னரில் குதிரைக்காரருக்கென்றே ஒரு கடவை இருக்கிறது, பொத்தான் ஆளுயரத்துக்கு மேலே, குதிரை முதுகில் இருந்து எட்டி அமத்த. பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள், சிரிப்பார்கள், மறக்க மாட்டார்கள். குதிரை ஒன்றும் எதிர்ப்படாவிட்டாலும் அந்த ஒழுங்கையில் காரை பத்து மைலில் ஓட்டிக் காட்டுங்கள், பத்து மைல் எவ்வளவு மெதுவானது என்று பெரிய ஆட்களுக்கே தெரியாது, இரண்டாம் கியரில் பிரேக்கில் கால் தொட்டுக்கொண்டு போகிற வேகம் அது. ஏற்கெனவே பாஸ் பண்ணிப் போன உங்கள் பழைய மாணவர்கள் கோயிலிலோ கலியாண வீட்டிலோ வந்து 'மாஸ்டர், சுகமா?' என்று கேட்பார்களே, அப்போது இந்த 2022 மாற்றத்தையும் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

அந்த வானை ஓட்டிய தம்பி யாரிடம் பழகினானோ எனக்குத் தெரியாது. உங்களில் ஒருவரிடமாக இருக்கலாம். அவன் கண்ணாடியில் திரும்பிப் பார்க்கவே இல்லை என்றுதான் நினைக்கிறேன், பார்த்திருந்தால் நின்றிருப்பான். கண்டால் சொல்லுங்கள், பிள்ளைக்கு ஒன்றுமில்லை, பிஸ்கட்டுக்கும் ஒன்றுமில்லை, ஆனால் அது இன்றைக்கும் வெள்ளை வானைக் கண்டால் கால் எடுத்து வைக்காது. மகள் இறங்கி, அதன் கழுத்தோடு தன் தோளை ஒட்டிக்கொண்டு, வான் போகும்வரை நிற்கிறாள்.

லாயத்துச் சொந்தக்காரியோடு கதைத்தேன். உள்ளே வருகிற பாதை அவர்களுடைய சொந்தக் காணி, அங்கே வயதான, எதற்கும் அசையாத ஒரு குதிரையை ஆளோடு நிறுத்தித் தருகிறேன், உங்கள் ஆட்கள் வந்து பின்னால் நிற்கவும் கடக்கவும் பழகட்டும் என்றார். ஞாயிறு காலை பத்து மணிக்குப் பிறகு, காசு வேண்டாம். வர விரும்புகிற மாஸ்டர்மார் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், ஒரு நேரத்துக்கு மூன்று காருக்கு மேல் வேண்டாம். சப்பாத்து பழசாகப் போட்டு வாருங்கள். குதிரைக்குக் கொடுக்க ஏதாவது கொண்டு வர ஆசைப்பட்டால் கரட் கொண்டு வாருங்கள், ஆனால் நீளவாக்கில் வெட்டி. வட்டமாக வெட்டினால் தொண்டையில் சிக்கும்.